குரல் வாசிப்பு: ஆம்

அண்ணிக்கு அந்த வாரம் காலை ஷிப்ட் கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். நான் எழுதிய ஆப் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி வேலை பார்க்கும் சலவை ஆலையில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறார்கள். நானூற்றுச் சொச்சம் பேர். அண்ணி மடிப்புப் பிரிவில். அடுத்த வாரத்து ஷிப்டை ஒவ்வொரு வியாழக்கிழமையும் பத்து மணிக்குத் திறந்துவிடுவார்கள். முந்தினவருக்குக் காலை ஆறு மணி ஷிப்ட், பிந்தினவருக்கு மதியம் இரண்டு முதல் இரவு பத்து. முன்பு இதற்கு உடை மாற்றும் அறையில் ஒரு பலகை இருந்தது. நூலில் பேனா தொங்கும். அதை எடுத்துவிட்டு ஆப் வைக்கப் போகிறார்கள் என்று வீட்டில் சொன்னதே அண்ணிதான். அப்போது நான் கால் சென்டரில் இரவு முழுக்க அந்நியர்களின் புகார்களைக் கேட்கும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, நாலு பேர் கொண்ட ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம். அண்ணி சொன்னதை முதலாளி காதில் போட்டேன். அவர் போய்ப் பேசினார். வேலை எங்களுக்கு வந்தது.

ஆப் வந்த பிறகு அண்ணி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். வியாழன் காலை கிளம்பும்போதே, "பத்து மணிக்கு எனக்கும் காலை ஷிப்ட் போட்டுடு தம்பி" என்பாள். நானும் ஆபீஸிலிருந்தே அவள் கணக்கில் நுழைந்து போட்டுவிடுவேன். சோம்பல் என்று நினைத்தேன். ஆப் எழுதினவன் வீட்டில் இருக்கும்போது தானாக ஏன் தட்ட வேண்டும் என்ற மிதப்பு என்றும் நினைத்தேன். அந்த வியாழன் பத்து மணிக்கு ஒரு மீட்டிங். போன் பைக்குள். நினைவு வந்து பார்த்தபோது பத்தே கால். காலை இடங்கள் நாலு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து வந்தால் அண்ணியின் நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"என்ன அண்ணி, யாரோட சண்டை?"

"லாரியோட. பயப்படாதே, உங்க அண்ணனோடது இல்ல, வேற லாரி. அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்துச்சு. நான்தான் போய் இடிச்சேன்."

"தெருவுல லைட் இல்லையா?"

"லைட்டுக்கு என்ன, நல்லாத்தான் எரிஞ்சுது. கண்ணுதான் இல்ல."

கண்ணில் ஏதோ கோளாறு என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டிருக்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், அவ்வளவுதான் என்று இருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவ்வளவுதான் என்று இருக்க முடிகிறது. அன்றுதான் முழுதும் சொன்னாள். இரண்டு வருடமாகப் பார்வையின் ஓரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இருட்டினால் அறவே தெரியாது. இப்போது நடுவிலும் புகை படியத் தொடங்கியிருக்கிறது. அண்ணனுக்குத் தெரியும். அவன் நெடுந்தூர லாரியில் இருப்பவன், மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருப்பான். ஆலைக்குத் தெரியாது. மடிப்பு மேசைக்குப் பத்தடி தள்ளித்தான் இஸ்திரி ரோலர் ஓடுகிறது. அந்தப் பகுதியில் நிற்கப் பார்வை சரியாக இருக்க வேண்டும் என்று விதி. தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். காலை ஷிப்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் வீடு வந்து சேரலாம். கிடைக்காவிட்டால் லாரி.

"நீங்களே போட்டுப் பார்க்க வேண்டியதுதானே?"

"பார்க்கலைன்னு யாரு சொன்னா? இங்க வா."

போனை எடுத்துக் குரல் வாசிப்பைப் போட்டாள். பார்வையில்லாதவர்களுக்காகப் போனிலேயே இருப்பது. விரலை வைத்த இடத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு பெண் குரல் படிக்கும். வங்கி ஆப்பைத் திறந்தாள், படித்தது. செய்தியைத் திறந்தாள், படித்தது. என் ஆப்பைத் திறந்தாள்.

"ஷிப்ட் பலகை. தலைப்பு" என்றது. விரலால் ஒரு தள்ளு. "பின்செல். பட்டன்" என்றது. இன்னொரு தள்ளு. டொக் என்று ஒரு ஓசை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று பொருள்.

"நடுவுல பெருசா ஏதோ சுத்துதாமே. அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள் அண்ணி.

அந்தச் சக்கரத்தை வரைந்தது எங்கள் டிசைனர். ஒரு புள்ளி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பிக்சல் என்று பெயர். ஏழு நாளுக்கு ஏழு துண்டு, உள்வட்டம் காலை, வெளிவட்டம் மாலை. விரலால் சுழற்றலாம். அதை ஆப்பாக ஆக்கியது நான்.

எங்கள் தொழிலின் பெருமையே ஒரு தடவை எழுதினால் இரண்டு வகைப் போனிலும் ஓடும் என்பதுதான். ஆண்ட்ராய்டுக்குத் தனி, ஐபோனுக்குத் தனி என்று இரண்டு முறை மாரடிக்க வேண்டாம். இதற்காக நாங்கள் பயன்படுத்தும் சட்டகம், அதாவது ஃப்ரேம்வொர்க், ஒரு வேலை செய்கிறது. போனிடம் உன் பட்டனைக் கொடு, உன் பட்டியலைக் கொடு என்று கேட்பதில்லை. வெறும் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் தானே வரைகிறது. பட்டன் மாதிரி ஒரு படம், பட்டியல் மாதிரி ஒரு படம். அதனால்தான் இரண்டிலும் அச்சாக ஒன்றுபோல இருக்கிறது. அந்தப் படம் என்னவென்று போனுக்குத் தெரியாது. குரல் வந்து இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், சட்டகம் சொல்லிவைத்ததைத்தான் போன் சொல்லும். சாதாரணப் பட்டனுக்குச் சட்டகமே பார்த்துச் சொல்லிவிடும். என் சக்கரம் கோடு கோடாக நானே இழுத்தது. அதற்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆயிரத்து அறுநூறு வரி எழுதினேன். அதில் ஒரு வரிகூட அது என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு வகைப் போனிலும் ஒரே மாதிரி ஊமை.

"சரி பண்ணிடறேன் அண்ணி. ரெண்டு வாரம்."

"பண்ணு. ஆனா என் பேரு எங்கயும் வரக்கூடாது. அங்க தெரிஞ்சா அன்னிக்கே கணக்கு முடிச்சிடுவாங்க."

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'எத்தனை'. எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். அவர் மேசை முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை பேரு?"

"தெரியல. ஒருத்தராவது இருப்பாங்க."

"ஒருத்தருக்காக ரெண்டு வாரமா? அதுக்கு நேரா லீவு கேட்டிருந்தா மரியாதையா இருந்திருக்கும்."

"நிறைய பேரு இருக்கலாம் சார்."

"இருக்கலாம், நடக்கலாம், பறக்கலாம். எண்ணிட்டு வா, பேசலாம்."

அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கல்நெஞ்சர் இல்லை. ஆனால் பெயர் வரக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே ஒருத்தியை மறைப்பதற்காக எல்லோரையும் எண்ணக் கிளம்பினேன்.

எண்ணுவது சுலபம். குரல் வாசிப்பு ஓடுகிறதா இல்லையா என்று சட்டகத்திடம் கேட்க ஒரே வரி. ஆப் திறக்கும்போது போனின் மாடல், பதிப்பு எல்லாம் ஏற்கெனவே சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வாலில் இதையும் முடிந்துவிட்டேன். ஆம் அல்லது இல்லை. அன்று மாலையே புது பதிப்பு வெளியே போனது. ஒரு வாரம் கழித்து எத்தனை ஆம் என்று சர்வரைக் கேட்டேன்.

பதினொன்று.

ஒன்று வரும் என்று நினைத்தவன் நான். திரும்பவும் கேட்டேன், பதினொன்றுதான். அண்ணியைத் தவிரப் பத்துப் பேர் அந்த ஆலையில் பார்வை குறைந்து, ஊமைச் சக்கரத்தின் முன்னால் வியாழன்தோறும் நின்றிருக்கிறார்கள். யாரைக் கெஞ்சி ஷிப்ட் போட்டார்களோ. புகார் ஒன்றுகூட வரவில்லை. புகார் கொடுத்தால் பெயர் தெரிந்துவிடும். எனக்கு அப்போது வந்தது வருத்தம் இல்லை. சந்தோஷம். நம்பர் கிடைத்துவிட்டது.

"பதினொண்ணா?" என்றார் எத்தனை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சரி. பத்து நாள் எடுத்துக்கோ."

அந்தப் பத்து நாளில் ஏழு நாள் நன்றாகப் போனது. என் தொழிலில் நான் உருப்படியாக வேலை செய்த நாட்கள் என்று அவற்றைத்தான் சொல்வேன். சக்கரத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பதினான்கு பெட்டிகளை வைத்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாக்கியம். 'திங்கள் காலை, ஏழு இடம் மீதி, எடுக்க இரண்டு முறை தட்டவும்.' பிக்சல் முதலில் முறைத்தாள்.

"என் சக்கரத்தைக் குதறிடாதே."

"உன் சக்கரத்தை ஒருத்தன் தொடல. அடியில பேச்சு மட்டும் வைக்கறேன்."

"பேசுதா? கொண்டா."

போனின் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்து, குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டைத் தலைவழியாக இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. அவள் குரலும் வந்தது, அது அச்சில் ஏற்றத் தக்கதல்ல. முதல் தடவை திங்கள் காலையை எடுக்க நாலரை நிமிடம். ஜாக்கெட்டை விலக்கி வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது.

"இதோ பாரு," என்றாள். "எல்லாம் முடிஞ்ச பிறகு 'எடுத்தாச்சு'ன்னு யாரு சொல்லுவா? எனக்கு நடுவுல ஒரு டிக் வருது. அவங்களுக்கு?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அதையும் சொல்ல வைத்தேன். ஒரு வகைப் போன் சட்டென்று சொல்லியது. இன்னொரு வகை, சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வேன் என்று அடம் பிடித்தது. எழுதினது ஒன்றுதான், குணம் இரண்டு. அதற்கு ஒன்றரை நாள் போனது. ஏழாம் நாள் பிக்சல் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாற்பது விநாடியில் வெளியே வந்தாள்.

அன்று பகல் ஆலையின் சூப்பர்வைசர் போன் செய்தார். மடிப்புப் பிரிவுக்குப் பொறுப்பான அம்மா. பயிற்சி கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்தாமலே எல்லோரையும் ஓட வைப்பவர்.

"தம்பி, உங்க ஆப்புல புதுசா ஒரு கட்டம் வந்திருக்கே, என்னது அது?"

"எந்தக் கட்டம்மா?"

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, ஆளுங்க லிஸ்டு வருமே. பேரு, நம்பர், பிரிவு, போன் மாடல். அதுக்குப் பக்கத்துல 'குரல் வாசிப்பு'ன்னு போட்டிருக்கு. நிறைய பேருக்கு இல்லை, சில பேருக்கு ஆம்."



அந்த அட்டவணையை எழுதினதும் நான்தான். ஆலைக்காரர்கள் இதைக் காட்டு, அதைக் காட்டு என்று வாரத்துக்கு ஒன்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டம் சேர்க்கச் சலித்துப்போய், போனிலிருந்து எந்தத் தகவல் புதிதாக வந்தாலும் அதற்குத் தானாகவே ஒரு கட்டம் முளைக்கும்படி எழுதினேன். தலைப்புகூடத் தானாக வரும். அதற்காக எத்தனை என்னைத் தட்டிக்கொடுத்தார். எண்ணிக்கை மட்டும் பார்க்க வேண்டும் என்று நான் சர்வரைக் கேட்டேன். அட்டவணையை நான் ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை. பதினோரு ஆமும் பதினோரு பெயருக்கு நேராக, இரண்டு வாரமாக அங்கே இருந்திருக்கின்றன.

"அது போன் சம்பந்தப்பட்டதும்மா," என்றேன். "பேட்டரி, மாடல் மாதிரி. எங்க சோதனைக்கு. நீங்க கண்டுக்க வேணாம்."

அந்தப் பக்கம் பின்னால் ரோலர் ஓடும் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் பார்த்துட்டுத்தான் கேக்கறேன். என் போன்லயும் போட்டுப் பார்த்தேன். கண்ணு தெரியாதவங்களுக்கானது அது."

"சில பேரு தெரியாமலும்..."

"இருக்கலாம். திங்கக்கிழமை நர்ஸ் வர்றாங்க, பதினொரு பேரும் என் பிரிவுதான், எல்லாரையும் கூப்பிட்டுக் கேப்பேன். நான் யாரையும் வேட்டையாடல. போன வருஷம் பக்கத்து ஆலையில ஒரு பொண்ணு ரோலர்ல கை குடுத்துச்சு. அந்தக் கை இன்னிக்கு இல்ல. என் பிரிவுல நடந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

பொய் சொன்னவனிடம் நியாயம் பேசினார். போனை வைத்துவிட்டேன்.

கட்டத்தை உடனே எடுத்தேன், எடுக்கும்போது பெயர்கள் கண்ணில் பட்டன. சர்வரில் இருந்ததையும் அழிக்கப் போனேன். பிக்சல் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அந்த லிஸ்டை அவங்க இறக்கி வச்சிருப்பாங்கடா."

"தெரியும்."

"தானா முளைக்கற கட்டம்னு அவ்வளவு பீத்திக்கிட்டியே. முளைச்சிருச்சு பாரு."

அழிக்கும் கட்டளையை எழுதிவிட்டு, ஓட விடாமல் நிறுத்தினேன். அழித்தால் எனக்குத்தான் நிம்மதி. ஆலையில் இருக்கும் பட்டியல் அழியாது. முதலில் அண்ணியிடம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஆலையில் எட்டு மணி நேரம் மடித்துவிட்டு வீட்டிலும் அதையேதான் செய்கிறாள். மடிக்கும்போது துணியைப் பார்ப்பதில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விளிம்பைத் தடவி முனையைப் பிடித்து ஒரு உதறு. மூன்று விநாடிக்கு ஒன்று.

"அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"வேலையை விட்டுட்டியா?"

"இல்ல."

"அப்ப என்ன, சொல்லு."

சொன்னேன். எண்ணியது, பதினொன்று, கட்டம், போன், திங்கட்கிழமை. பாதியிலேயே அவள் கை நின்றுவிட்டது. என் சட்டை ஒன்று பாதி மடிப்பில் கையிலேயே இருந்தது.

"உன்னை யாரு எண்ணச் சொன்னா?"

"நம்பர் இல்லாம நேரம் தர மாட்டேன்னு..."

"அதைக் கேக்கல. எங்களை எண்ணலாமான்னு யார்கிட்ட கேட்ட?"

"உங்களுக்காகத்தான் அண்ணி பண்ணேன்."

"எனக்காகன்னா என்கிட்ட கேக்கணும். அடுத்த ரூம்லதானே படுத்திருக்கேன், அடுத்த ஊர்லயா இருக்கேன்? சரி, நானாவது உன் வீட்டு ஆளு. மத்த பத்து பேரு உனக்கு என்ன வேணும்? அவங்க ராத்திரி பகலா மறைச்சு வச்சதை நீ ஒரே வரியில எடுத்துட்ட."

"ஒரு வரிதான்" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பெருமையா?"

 அவள் சட்டையைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து பேரா?" என்றாள், வேறு குரலில். "என்னைச் சேர்க்காம?"

"ஆமாம். அதுல ஒருத்தர் உங்க மேசையிலயே..."

"சொல்லாதே!" கையைத் தூக்கித் தடுத்தாள். "யாருன்னு எனக்கு வேண்டாம். அவங்களே வந்து சொன்னா சொல்லட்டும்."

அன்று அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. அண்ணனிடம் போனில் பேசினாள். கதவு சாத்தியிருந்தது. அவன் என்னைக் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

மறுநாள் என்ன நடந்தது என்பதை முதலில் எனக்குச் சொன்னது சர்வர்தான். கட்டத்தை எடுத்திருந்தேனே தவிர, எண்ணும் வரியைப் போனிலிருந்து எடுக்கப் புது பதிப்பு போக வேண்டும். அது இன்னும் போகவில்லை. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தேன். பதினொன்று ஏழாகியிருந்தது. அரை மணி கழித்து நாலு. மூன்று மணிக்கு ஒன்று. ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சிய ஒன்று யாருடையது என்று பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

அண்ணிதான் காரணம். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்றிருக்கிறாள். "என் போன்ல குரல் வாசிப்பு போட்டிருக்கேன், எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. அது ஆபீஸ்ல தெரியுது. உங்கள்ல யாராவது போட்டிருந்தா அணைச்சுட்டு, ஆப்பை ஒரு தடவை திறந்துடுங்க. திங்கக்கிழமை கேட்டா, தெரியாம விரல் பட்டுடுச்சுன்னு சொல்லுங்க." உட்கார்ந்து மீதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டாளாம். ராத்திரி இதை அவள் எனக்குச் சொன்னபோது, கறிகாய் விலை சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்களும் அணைச்சிருக்கலாமே அண்ணி. விரல் பட்டுடுச்சுன்னா முடிஞ்சுது."

"அணைச்சிட்டா? அடுத்த வியாழக்கிழமை நீ மீட்டிங்ல இருப்ப."

நான் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"அது மட்டும் இல்ல," என்றாள். "போன வாரம் ஒரு வண்டி நிறைய விரிப்பை ரோலர் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனேன். யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. எதுக்கு இழுத்தாங்கன்னு எனக்குத் தெரியல. தெரியலைங்கறதுதான் விஷயம். அந்தம்மா கேக்கறது நியாயம்தான். ஆனா அதை நான் போய்ச் சொல்லியிருக்கணும். நீ சொல்லிட்ட."

திங்கட்கிழமை நர்ஸ் வந்தார். பத்துப் பேரும் உள்ளே போய், தெரியாமல் விரல் பட்டுவிட்டது என்றார்கள். பத்து வாயில் ஒரே வாக்கியம். சூப்பர்வைசர் முட்டாள் இல்லை. ஆனால் மடிப்பு ஆட்கள் பத்துப் பேரை ஒரே நாளில் எடுத்துவிட்டால் மருத்துவமனைக்குப் போகும் மாலை வண்டி காலியாகத்தான் போகும். எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தில் நேராக வைத்த எழுத்தை முக்கால்வாசிப் பேர் படித்துவிட்டார்கள். மீதியை நர்ஸ் கண்ணாடி மாற்றச் சொல்லி எழுதினார். அண்ணி உள்ளே போய், எழுத்துப் பலகையை எடுக்கும் முன்பே உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

வெளியே அனுப்பவில்லை. கந்தல் அறைக்கு மாற்றினார்கள். கிழிந்துபோன விரிப்புகளைத் தடவிப் பார்த்துத் துடைக்கும் துணிக்கு ஆகும், ஆகாது என்று பிரிக்கும் இடம். ரோலரிலிருந்து இரண்டு சுவர் தள்ளி. பதவியில் ஒரு படி கீழே. அங்கே காலை ஷிப்ட் மட்டும்தான், எல்லா நாளும். பதினேழு வருடம் மடித்த மேசையில் அவள் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டது.

"காலை ஷிப்ட்தானே கேட்டேன். கிடைச்சிடுச்சு" என்றாள். சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன்.

பேசும் சக்கரம் அதற்கடுத்த புதன்கிழமை வெளியே போனது. கூடவே எண்ணும் வரியும் கழன்று போனது. அதை எடுத்ததை எத்தனையிடம் நான் முதலில் சொல்லவில்லை. சக்கரம் நன்றாகப் பேசியது, இரண்டு வகைப் போனிலும். அண்ணிக்கு அது தேவைப்படவில்லை. கந்தல் அறைக்காரர்கள் ஷிப்ட் எடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆப்பே வேண்டாம். அண்ணி அதைத் தன் போனிலிருந்து நீக்கிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து எத்தனை என் மேசைக்கு வந்தார். கையில் காபி. நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

"அந்தப் பேசற விஷயம். இப்ப எத்தனை பேரு பயன்படுத்தறாங்க?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா? எண்ணறியே."

"எடுத்துட்டேன்."

"பத்து நாள் வேலை. யாராவது பயன்படுத்தறாங்களா இல்லையான்னே தெரியாதா?"

"தெரியாது."

 திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பிக்சல் கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தான். யாரும் அதைத் தொடவே இல்லை என்றால் வீண்தான். அணைத்தவர்கள் பயத்தில் அணைத்தவர்கள். திரும்பப் போடுவார்கள் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் கிடையாது. ஊமைச் சக்கரத்திடமே பழையபடி நின்றுகொண்டிருக்கலாம். லாம்தான். எனக்குத் தெரியாது.

போன வாரம் ஒருநாள் சாயங்காலம் அண்ணி செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"உன் சக்கரம் ஒவ்வொரு நாளா படிக்குதாமே. திங்க காலை, திங்க மாலை, செவ்வா காலை, செவ்வா மாலைன்னு."

"ஆமாம். வரிசையா."

"அதுதான் கேடு. எல்லாருக்கும் வேண்டியது காலை. மாலையைத் தாண்டித் தாண்டிப் போறதுக்குள்ள இடம் போயிடுதாம். முதல்ல ஏழு காலையையும் படிச்சிட்டு, அப்புறமா மாலைக்குப் போகணுமாம்."

நானும் பிக்சலும் ஏழு நாள் ஜாக்கெட்டுக்குள் இருந்து பார்த்தோம். இது எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் எந்த ஷிப்டும் வேண்டியிருக்கவில்லை.

யார் சொன்னது என்று கேட்க வாய் திறந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே மாத்திடறேன்" என்றேன்.

"வியாழனுக்கு முன்னாடி" என்றாள். கை கழுவப் போய்விட்டாள்.

மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பதினான்கு பெட்டிகளின் வரிசையை மாற்றி, இரண்டு வகைப் போனிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஏழு காலை, ஏழு மாலை. எத்தனை அந்தப் பக்கமாகப் போனவர், திரையில் ஓடுவதைப் பார்த்து நின்றார்.

"இது என்ன புதுசா? யாரோ கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"எத்தனை பேரு?"

"கேட்டாங்க சார்" என்றேன். புது பதிப்பை வெளியே அனுப்பினேன்.